குமுதா வழுக்கி விழுந்த கதை

காப்பார் வட்டாரத்தில் குமுதாவைப் போல அடிக்கடி பாத்ரூமில் வழுக்கி விழுந்த பொம்பளை வேறு யாரும் இருக்க மாட்டாள். ஒருமுறை விழுந்ததில் காறை எலும்பு முறிந்தது. இன்னொரு முறை விழுந்ததில் இடது முன்கை. ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் விழுந்ததில் விலா எலும்பு விரிசல் விட்டு, அந்த வருடம் முறுக்குப் பிழிய பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து அவளுடைய அக்காள் சந்திரகலாதான் வர வேண்டியதாயிற்று. விழுந்த ஒவ்வொரு வேளையிலும் புருஷன் இராமலிங்கம் வீட்டில் இருந்தான் என்பதை மட்டும் குமுதா எந்த ஆஸ்பத்திரிக் கவுண்டரிலும் சொன்னதில்லை.

இராமலிங்கம் துறைமுகத்திலிருந்து கொள்கலன் லோரி ஓட்டுகிறவன். குடித்துவிட்டு அடித்தான் என்று சொன்னால் கேட்பவர்களுக்கு ஒரு சௌகரியம். போதையில் செய்துவிட்டான், பாவம் என்று விட்டுவிடலாம். அந்தச் சௌகரியம் இங்கே கிடையாது. அவன் குடிப்பதில்லை. வருடா வருடம் மாலை போடுகிற ஆள். தெளிந்த மூளையோடு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு அடிப்பான். சம்பலில் உப்பு கூடிப்போனதும் காரணமாகும், லோரி முதலாளி தவுக்கே அவனைத் திட்டியதும் காரணமாகும். அடித்து ஓய்ந்ததும் அவனே அவளைப் பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவான். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு, என்னா?" முதல் தடவைதான் அவன் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு அவளுக்கே மனப்பாடமாகிவிட்டது. தமிழில் விழுந்தாள், மலாயில் விழுந்தாள், டாக்டர் முகத்தைப் பார்த்து இங்கிலீஷிலும் விழுந்தாள். டெங்கிலில் கட்டிக்கொடுத்த ஒரே மகளிடமும் அதே விழுதல்தான்.

அந்தப் பாத்ரூமைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வீட்டை வாங்கிய புதிதில் தரை ஓடு பெயர்ந்துவிட, ஆள் வைக்க மனசில்லாமல் இராமலிங்கமே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சிமெண்டு பூசினான். கொத்து வேலை தெரியாதவன் பூசினால் எப்படி இருக்கும்? காய்ந்ததும் அரம் மாதிரி நின்றது. குதிகால் தேய்க்க குமுதாவுக்குத் தனியாகக் கல் வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் வாயைத் திறக்காத குமுதா, கம்பெனியில் வேறு ஆள். காப்பார் சாலையோரத்தில் டின் செய்கிற கம்பெனி அது. பிஸ்கட் டின், பெயிண்ட் டின், மசாலா டின். குமுதா மூடி அடிக்கும் பிரஸ் மிஷினில் நின்றாள். தகரத்தை அச்சின் மேல் வைத்தால் மேலிருந்து இரும்பு இறங்கும். தூக்கினால் வட்டமாக விளிம்பு மடிந்த மூடி. பக்கத்து மிஷின்காரிகளைக் கேலி செய்துகொண்டே அடிப்பாள். நேப்பாளப் பையன்களுக்குத் தமிழில் கெட்ட வார்த்தை சொல்லிக்கொடுத்து, அதை அவர்கள் சூப்பர்வைசர் ரெங்கசாமியிடம் சொல்லும்படி அனுப்பி வைப்பாள். அடி வாங்கிய மறுநாள்தான் அவள் சிரிப்பு இன்னும் அதிகமாகக் கேட்கும் என்பதை அங்கே யாரும் கவனித்ததில்லை.

அந்த மிஷினுக்கு இரண்டு பொத்தான்கள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இரும்பு இறங்கும். அதாவது இரண்டு கையும் வெளியே இருந்தாக வேண்டும். மிஷினைச் செய்தவன் முட்டாள் இல்லை. ரெங்கசாமிதான் அவனைவிடப் பெரிய புத்திசாலி. வலது பொத்தானை அழுத்தி, அது மேலே வராதபடி இடுக்கில் ஒரு மரத்துண்டைச் செருகி வைத்தான். இப்போது இடது கை பொத்தானை அழுத்தும், வலது கை மூடியை எடுக்கும். வேலை பறந்தது. குமுதாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் உட்காரலாம்.

சம்பவம் நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கப் போகிற நேரம். ஒரு மூடி அச்சில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. குமுதா வலது கையை உள்ளே விட்டு நகத்தால் நெம்பினாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள். சாய்ந்தபோது இடது முழங்கை பொத்தானில் பட்டது.

இரும்பு இறங்கியது. சத்தம் எப்போதும் கேட்கிற அதே சத்தம்தான். அதனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரும்பு மேலே போனபோது குமுதாவின் கையும் கொஞ்ச தூரம் அதோடு ஒட்டிக்கொண்டு போய்த் திரும்பி விழுந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் தகரம் போலத் தட்டையாகியிருந்தன. புறங்கையில் வளைவாக ஒரு பிளவு. உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிந்தது, பிறகு ரத்தம் வந்து அதை மூடிவிட்டது. அவள் கத்தவில்லை. அடி விழும்போது கத்தக்கூடாது, கத்தினால் இன்னும் விழும் என்பது அவள் உடம்புக்குத் தெரிந்த பாடம். பக்கத்து மிஷின்காரிதான் முகத்தில் ரத்தம் தெறித்து அலறினாள்.

ரெங்கசாமி ஓடி வந்தான். வந்தவன் முதலில் குமுதாவின் கையைத் தொடவில்லை. வலது பொத்தானுக்குப் போய், மரத்துண்டை சுத்தியலால் தட்டிப் பிடுங்கி, பின்னால் கால்வாயில் எறிந்தான். பிறகுதான் துணியைத் தேடினான். குமுதா தரையில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்புலன்ஸ் கூப்பிடவில்லை. தன் காரிலேயே, பின்சீட்டில் குப்பைப் பிளாஸ்டிக்கை விரித்து அவளை ஏற்றிக்கொண்டான்.

"குமுதா, நல்லா கேட்டுக்க. வேலை எடத்துல பட்டதுன்னு சொன்னா சொக்சோகாரன் வருவான். மிஷினுக்கு சீல் வைப்பான். தவுக்கே கம்பெனிய மூடிட்டுப் போயிருவாரு. உன் ஒருத்தி கையால அத்தன பேரு வயித்துல அடிக்கணுமா? வீட்ல விழுந்துட்டேன்னு சொல்லிரு. மத்தத தவுக்கே பாத்துக்குவாரு லா."

சொக்சோ என்றால் மாதா மாதம் தன் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்து எங்கோ அனுப்புகிறார்கள் என்ற அளவுக்குத்தான் குமுதாவுக்குத் தெரியும். வேலையில் அடிபட்டவருக்கு மருத்துவம் பார்க்கத்தான் அந்தப் பிடித்தம் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அவளுக்கு அப்போது யோசிக்கிற நிலையும் இல்லை. துணிக்குள் கை தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது.

அவசரப் பிரிவில் வெள்ளைக் கோட்டுப் போட்ட சின்னப்பெண் குனிந்து கேட்டாள். "எப்படிப் பட்டுச்சு ஆன்டி?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்."

வாய் தானாகச் சொன்னது. ரெங்கசாமி சொல்லிக்கொடுத்திருக்கவே வேண்டாம். அப்பழுக்கில்லாத பொய், பல வருடம் பழகிய பொய்.

அந்தச் சின்னப்பெண் டாக்டர் ஷாமினி. கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள், கோபக்காரி, அதுவும் நியாயமான கோபக்காரி. எக்ஸ்ரேயை விளக்கில் வைத்துப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் பழைய வருகைகளைப் பார்த்தாள். காறை எலும்பு, முன்கை, விலா. எல்லாம் பாத்ரூம். ரெங்கசாமியை வெளியே போகச் சொல்லி, குமுதாவைத் தனி அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஆன்டி, உங்க பாத்ரூம் உங்கள மட்டும்தான் தள்ளி விடுமா?"

குமுதாவின் கண்ணில் நீர் வந்தது. இத்தனை வருடத்தில் எந்தக் கவுண்டரிலும் யாரும் கேட்காத கேள்வி.

"உங்க புருஷன் அடிச்சாரா?"

வலிக்குப் போட்ட ஊசி தலைக்கு ஏறிக்கொண்டிருந்தது. கேட்ட குரலில் அத்தனை கனிவு இருந்தது. குமுதா தலையாட்டினாள். ஆட்ட ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

சாயந்திரம் இராமலிங்கம் ஃபிளாஸ்க்கில் மைலோவோடு வார்டுக்கு வந்தான். டாக்டர் ஷாமினி போலீஸுக்குச் சொல்லிவிட்டது அவனுக்குத் தெரியாது. கம்பெனியில் அடிபட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லக் கேட்டு நிஜமாகவே பதறித்தான் வந்தான். கட்டிலை நெருங்குவதற்குள் இரண்டு போலீஸ்காரர்கள் அவன் தோளைப் பிடித்தார்கள். அவன் உதறினான். சுவரில் வைத்து அழுத்தினார்கள். ஃபிளாஸ்க் விழுந்து மைலோ கட்டிலடி வரை ஓடியது. "நான் என்னா செஞ்சேன்? குமுதா, சொல்லு! நான் என்னா செஞ்சேன்?" கைவிலங்கு பூட்டுகிற சத்தம் கேட்டது. குமுதா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த இரவு அவள் நன்றாகத் தூங்கினாள். உள்ளதைச் சொல்ல வேண்டும்: கையில் பாதி போன அந்த இரவைப் போல நிம்மதியாக அவள் கல்யாணத்துக்குப் பிறகு தூங்கியதே இல்லை.

ரெங்கசாமி ஒரு பை ஆப்பிளோடு வந்து பார்த்தான். முகம் முழுக்கச் சிரிப்பு.

"எல்லாம் நல்லதாப் போச்சு குமுதா. அவனும் உள்ள போயிட்டான், உனக்கும் தொல்ல விட்டுச்சு. நாங்களும் சொல்லிட்டோம், அன்னிக்கு நீ வேலைக்கே வரலன்னு." எழுந்து போகும்போது குரலைத் தாழ்த்தினான். "ஒன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. போலீஸ்கிட்ட ஒரு கதை சொல்லியாச்சு. இன்னொரு கதை சொன்னா, பொய் ரிப்போர்ட்டுன்னு உன்னயத்தான் உள்ள தூக்கி வைப்பான்."

ஆஸ்பத்திரியில் விரல்களைச் சீர்செய்து தைத்து அனுப்பியபின் குமுதா வீட்டுக்குப் போகவில்லை. கொமியூட்டர் ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அக்காளிடம் போனாள். சந்திரகலா புருஷனை இழந்தவள். சாலையோரத்தில் வடைக்கடை போட்டுத் தனியாக வாழ்கிறவள். பயம் என்றால் என்ன விலை என்று கேட்கிற ரகம். இராமலிங்கத்தைப் பற்றிப் பல வருடமாக அவளுக்குச் சந்தேகம். போலீஸ் பிடித்துப் போனதைக் கேட்டதும் சாமி படத்துக்குச் சூடம் ஏற்றினாள். கையைப் பற்றிய உண்மையைக் குமுதா அவளிடம் மட்டும் சொன்னாள்.

"சொல்லாத," என்றாள் சந்திரகலா, பருப்பை அரைத்துக்கொண்டே. "மிஷின் அடிச்சா என்னா, மனுஷன் அடிச்சா என்னா. அவன் வாங்க வேண்டியத இப்ப வாங்குறான். பாக்கிக்கு வாங்கட்டும்."

குமுதாவுக்கும் அதுதான் சரி என்று பட்டது. அப்படியே விட்டிருப்பாள். கைதான் விடவில்லை.

கட்டு மாற்றுகிற நாளில் டாக்டர் ஷாமினி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மீதி விரல்களும் உள்நோக்கி வளைய ஆரம்பித்திருந்தன. கட்டைவிரலை மடக்கச் சொன்னாள். அது அசைந்ததே தவிர மடங்கவில்லை.

"தசைநார் ஒட்டிக்கிட்டு வருது ஆன்டி. நரம்பும் சரியில்ல. கை ஸ்பெஷலிஸ்ட் இன்னொரு ஆபரேஷன் செய்யணும், உள்ள தகடு வைக்கணும், அப்புறம் மாசக்கணக்கா பயிற்சி. சீக்கிரம் செஞ்சா பொருள் புடிக்கிற அளவுக்கு வரும். விட்டா இப்படியே இறுகிப் போயிரும்."

"செஞ்சிருங்க டாக்டர்."

"இங்க வரிசை ரொம்ப நீளம். வேலை எடத்துல பட்ட காயமா இருந்தா சொக்சோவே எல்லாத்தையும் எடுத்துச் செய்யும். ஆபரேஷன், தகடு, பயிற்சி மையம் எல்லாம். யாரு மேல தப்புன்னுகூட கேக்க மாட்டாங்க. ஆனா இது வீட்ல…" என்று நிறுத்தி, டாக்டர் கனிவாக அவள் தோளைத் தட்டினாள்.

குமுதா ரயிலில் திரும்பி வரும் வழியெல்லாம் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். காக்காய்க் கால் மாதிரி இறுகிக்கொண்டிருந்தது. இந்தக் கையால்தான் அவள் சாப்பிட்டாள், தலை வாரினாள், சம்பாதித்தாள். யார் மேல் தப்பு என்று கேட்க மாட்டார்களாம். அதையாவது முன்பே யாராவது சொல்லியிருக்கக்கூடாதா என்று அழுகை வந்தது. உண்மையைச் சொன்னால் கை பிழைக்கும். கையோடு சேர்ந்து இராமலிங்கமும் வெளியே வந்துவிடுவான். சொல்லாவிட்டால் அவன் உள்ளே கிடப்பான், கை செத்துப்போகும். இதில் எதைப் பிடிப்பது, எதை விடுவது?

மறுநாள் காலையில் கடைச் சாமான்களை இடது கையால் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மசாலா டின்னின் மூடி கழன்று உருண்டு வந்து அவள் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தவள் அப்படியே நின்றாள். அவள் அடித்த மூடி அது. விளிம்பைத் தடவினாள், ஓரிடத்தில் சின்னதாக ஒரு புடைப்பு இருந்தது. மேல் அச்சில் ஓரிடம் தெறித்துப்போய் ரொம்ப நாளாயிற்று. மாற்றச் சொல்லி ரெங்கசாமியிடம் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. அந்த மிஷினில் அடித்த ஒவ்வொரு மூடியிலும் அந்தப் புடைப்பு இருக்கும்.

கட்டை அவிழ்த்து, மூடியைப் புறங்கைத் தழும்பின் மேல் வைத்தாள். வளைவு அச்சாகப் பொருந்தியது. கொஞ்சம் திருப்பினாள். தழும்பின் நடுவில் சதை சின்னதாகப் பிதுங்கி நின்ற இடத்தில், மூடியின் புடைப்பு போய் உட்கார்ந்தது.

சந்திரகலா வந்து பார்த்தாள். அடுப்பைப் பற்ற வைத்தாள்.

இராமலிங்கம் ஜாமீனில் வந்துவிட்ட செய்தியை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவனே வந்து சொன்னான். மத்தியானக் கூட்டம் வடையைச் சுற்றி நிற்கும்போது, இரவல் வாங்கிய காரை நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். தாடி வளர்ந்து, கண் உள்ளே போயிருந்தது. வந்த வேகத்தில் மேசையை எட்டி உதைத்தான். சட்டினி வாளி கவிழ்ந்தது. வடை வாங்க நின்றவர்கள் விலகினார்கள்.

"வா, போலீஸ் பாலாய்க்கு. நான் அடிக்கலன்னு சொல்லு."

குமுதா பின்வாங்கினாள். அவன் எட்டி அவள் வலது கையைப் பிடித்தான். கட்டுப் போட்டிருந்த கை என்று பார்த்துத்தான் பிடித்தான், பிடித்து முறுக்கினான். தைத்த இடம் பிளந்து, கட்டுத்துணியில் சிவப்பு பரவியது. குமுதா மண்டியிட்டு விழுந்தாள். இந்த முறை கத்தினாள். தெருவே திரும்பிப் பார்க்கும்படி, பல வருடங்களுக்கும் சேர்த்துக் கத்தினாள்.

சந்திரகலா சட்டியிலிருந்து கரண்டி நிறையக் கொதிக்கிற எண்ணெயை மோந்து அவன் காலில் ஊற்றினாள். அவன் அலறிக்கொண்டு கையை விட்டான். கணுக்காலில் தோல் அப்போதே வெள்ளையாகச் சுருண்டது. அவள் இரண்டாவது கரண்டியை மோந்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"கிட்ட வா. வந்து பாரு."

அவன் வரவில்லை. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, காலைப் பிடித்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.

"சத்தியமா நான் அடிக்கலடி! இந்தக் கைய நான் தொடவே இல்ல! இது மட்டும் நான் செய்யலடி!"

இது மட்டும். குமுதா அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் சொன்னது அவனுக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. பல நாளாக அவள் ஒரே உண்மையை இரண்டு கூறாக்கி, எதைச் சொல்வது எதை மறைப்பது என்று முட்டிக்கொண்டிருந்தாள். இரண்டையும் சொன்னால் என்ன என்று அவளுக்கு ஏன் அதுவரை தோன்றவில்லை என்றால், அவள் வாழ்க்கையில் ஒன்றைச் சொல்வதற்கே அத்தனை காலம் ஆகியிருந்தது.

"வரேங்க," என்றாள். "பாலாய்க்குப் போலாம். உள்ளதச் சொல்றேன்."

சந்திரகலா கரண்டியை இறக்கவில்லை. "பைத்தியமா உனக்கு?"

"நீயும் வா அக்கா. அந்த மூடிய எடுத்துக்க."

காரில் போகும் வழியெல்லாம் இராமலிங்கம் நல்ல பிள்ளையாகப் பேசிக்கொண்டு வந்தான். வெந்த காலால் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முகம் கோணியதே தவிர, வாய் இனித்தது. கேஸ் முடிந்ததும் பத்துமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொள்வதாகச் சொன்னான். கை சரியாகும்வரை தானே சமைப்பதாகவும் சொன்னான். பின்சீட்டில் அக்காளும் தங்கையும் ரத்தக் கட்டை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கிள்ளானில் போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தவர் மலாய்க்கார சார்ஜன் அம்மா ஒருவர். வயது முதிர்ந்தவர், அவசரப்படாதவர். இராமலிங்கம் குமுதாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். வந்ததற்கு நன்றி என்பது போல அவள் தோளைத் தொட்டான். குமுதா மலாயில் பேச ஆரம்பித்தாள். மரத்துண்டைச் சொன்னாள், முழங்கையைச் சொன்னாள், கால்வாயைச் சொன்னாள். கட்டைப் பிரித்து மூடியைத் தழும்பின் மேல் வைத்துத் திருப்பினாள். சார்ஜன் அம்மா எழுந்து வந்து கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டு மூடியைத் தன் விரலாலும் தடவிப் பார்த்தார்.

கையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடலாம். சொக்சோ அதிகாரிகள் கம்பெனிக்குப் போனார்கள், அச்சைக் கழற்றினார்கள், தெறித்த இடம் அப்படியே இருந்தது. பக்கத்து மிஷின்காரி, முகத்தில் தெறித்த ரத்தத்தை மறக்க முடியாதவள், வாயைத் திறந்தாள். கம்பெனி மூடவில்லை, ரெங்கசாமிதான் அங்கே இல்லை. குமுதாவுக்கு ஆபரேஷன் நடந்தது. இன்று அந்தக் கை டம்ளர் பிடிக்கும், மாவைக் கிள்ளி எண்ணெயில் போடும். நடுவிரல் மட்டும் மழை வந்தால் வலிக்கும்.

ஆனால் அன்றைக்கு இதெல்லாம் யாருக்குத் தெரியும்? சார்ஜன் அம்மா நாற்காலிக்குத் திரும்பி, பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்.

"அப்படியென்றால் ஆஸ்பத்திரியில், கணவர் அடித்தாரா என்று டாக்டர் கேட்டபோது ஏன் தலையாட்டினீர்கள்? பொய் சொன்னீர்களா?"

ரெங்கசாமி பயமுறுத்தின கேள்வி. இராமலிங்கம் முன்னால் சாய்ந்து, அவளுக்குப் பதிலாகப் பேச வாயெடுத்தான்.

"பொய் இல்லை," என்றாள் குமுதா. "அடித்தாரா என்று கேட்டார்கள். அடித்தார். எப்போது என்று கேட்கவில்லை."

குமுதா இடது கையால் ரவிக்கையின் தோள்பட்டையை விலக்கினாள். கோணலாகக் கூடிய காறை எலும்பைக் காட்டினாள். முன்கையை மேசையில் நீட்டி, எலும்பு புடைத்த இடத்தில் சார்ஜன் அம்மாவின் விரலைப் பிடித்து வைத்தாள். விலாவைக் காட்டினாள். ரேடியோவைச் சொன்னாள், ஆணியில் மாட்டிய சட்டையைச் சொன்னாள். எக்ஸ்ரே எல்லாம் டாக்டர் ஷாமினியிடம் இருக்கிறது என்றாள். இன்னொரு புகார் எழுத வேண்டும் என்றாள்.

"அவ விழுந்தா! கை மட்டும்தான் மிஷின், மத்தது எல்லாம் பாத்ரூம்!" இராமலிங்கம் எழுந்து நின்று, தமிழும் மலாயுமாகக் கத்தி, மேசையைக் குத்தினான். "ஆஸ்பத்திரில கேளுங்க, அவளே சொல்லியிருக்கா, வழுக்கி விழுந்தேன்னு! தடவைக்குத் தடவை அவ வாயாலயே சொல்லியிருக்கா!"

இரண்டு போலீஸ்காரர்கள் உள்ளே வந்தார்கள். ஒருவர் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். சார்ஜன் அம்மா குமுதாவைப் பார்த்தார். பதில் வேண்டும் என்ற பார்வை.

குமுதா புருஷன் பக்கம் திரும்பினாள். எப்போதும் பேசுகிற அதே மரியாதையோடு, தமிழில் கேட்டாள்.

"அந்தத் தரைக்கு சிமெண்டு பூசுனது நீங்கதானேங்க. நீங்களே சொல்லுங்க, அது வழுக்குமா?"